நடுவில் ஓர் அக்கா

எங்கள் அண்ணிக்கு ஏமாறுவது புதிதல்ல. தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்து நிறுக்கிற கடைக்காரரைப் பார்த்து, "பாவம், விரல்ல அடிபட்டிருக்கு போல" என்று சொல்லிவிட்டு வருகிறவள். கல்லூரியில் என் கூடப் படித்தவள். இவளைத்தான் அண்ணனுக்குக் கட்ட வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றது நான்தான். அதனால் அவள் மேல் எனக்கு உரிமை கொஞ்சம் அதிகம், மரியாதை கொஞ்சம் குறைவு. நாத்தனார் என்றால் குறை சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்? ஆரம்பித்தாயிற்று. இனி சொல்லப் போவது வேறு ஒருத்தியைப் பற்றிய குறை.

இங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அண்ணி ஆங்கில டீச்சராக இருந்தாள். குழந்தைகளைப் பேச வைப்பதில் கெட்டிக்காரி. வகுப்புக்குள் தமிழ் கூடாது என்பது அவள் சட்டம். யாராவது தமிழில் எதையாவது கேட்டால் காதில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்பதுபோல் நடிப்பாள். குழந்தை தவித்து, கையைக் காலை ஆட்டி, கடைசியில் எங்கிருந்தோ ஓர் ஆங்கிலச் சொல்லை இழுத்துக்கொண்டு வரும். "பாவம், தமிழ்ல சொல்லிக் குடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒருமுறை கேட்டேன். "நடுவுல இன்னொரு பாஷை வந்து நின்னா பாதி விஷயம் அங்கேயே தங்கிடும். நேரா கேட்டு நேரா பேசினாத்தான் வரும்" என்றாள். இதை மறந்துவிடாதீர்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இந்த ஒரு பேச்சை நினைத்துத்தான்.

வெளிநாட்டு வேலை வந்தது. சம்பளத்தை விட அண்ணியை இழுத்தது ஒரு விஷயம். வெளியிலிருந்து வருகிற டீச்சரின் குழந்தைக்கு அந்தப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் இடம் உண்டு என்றார்கள். வருஷத்துக்கு ஒரே ஓர் இடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால்தான் உண்டு; அதற்கு மேல் பாடமெல்லாம் பாதி அந்த ஊர் மொழியில் நடப்பதால் புதிதாக யாரையும் எடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுச் சின்னது அப்போது யு.கே.ஜி. சுண்டுவிரல் அளவில் பிறந்ததால் அவளுக்குச் சுண்டு என்று பெயராகிவிட்டது. கணக்கு நேராக இருந்தது. அண்ணி முன்னால் போவாள். முதல் டெர்ம் முடிந்ததும் தாளாளரிடம் கேட்டு அனுமதி வாங்குவாள். அடுத்த வருஷம் சுண்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அதே பள்ளிக்குப் போவாள். அண்ணன் இங்கே கணக்கு வழக்குகளை முடித்துக்கொண்டு பின்னால் போவான். அதுவரை குழந்தை என் பொறுப்பு.

வேலைக்கான நேர்காணலே போனில்தான் நடந்தது. திரையில் ஒரு பக்கம் தாளாளர், பெரிய மீசை, சிரித்த முகம். பக்கத்தில் ஒரு பெண். அந்தப் பெண் திடீரென்று, "பயப்படாதம்மா, நானும் நம்ம பேச்சுதான்" என்று தமிழில் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்தப் பள்ளிக்குப் பல வருஷங்களுக்கு முன்னால் ஆங்கில டீச்சராகப் போய், இப்போது டீச்சர்களையெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவள். "மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு. உன் பொண்ணுக்கு நான் பெரியம்மா" என்றாள். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கண் காணாத ஊரில் ஓர் அக்கா கிடைத்தால் யாருக்குத்தான் இருக்காது?

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற அந்தப் பள்ளியின் தாளாளருக்கு ஆங்கிலம் தெரியாது. குட்மார்னிங், தேங்க்யூ, நோ ப்ராப்ளம். அவ்வளவுதான் கைவசம். அண்ணிக்கோ அந்த ஊர் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவர் சொல்வது அண்ணிக்கு வர வேண்டும் என்றாலும், அண்ணி சொல்வது அவருக்குப் போக வேண்டும் என்றாலும் அக்கா வழியாகத்தான்.

பள்ளி கொடுத்த வீட்டில் இருவரும் ஒன்றாகத் தங்கினார்கள். மாடியில் மூன்று அறை. ஒன்றில் அக்கா, ஒன்றில் அண்ணி. மூன்றாவது சின்னது, பழைய சார்ட்டுகள், உடைந்த உலக உருண்டை, ஆண்டு விழாவுக்குச் செய்த அட்டைக் கிரீடங்கள் எல்லாம் அதில் அடைந்து கிடந்தன. சமையலறைக் குழாய் திறந்ததும் தண்ணீர் தராது; கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் தரும். அண்ணி போன் செய்தால் முதலில் அந்த முனகல்தான் கேட்கும். சுண்டு, "அம்மா குழாய் அழுவுது" என்பாள்.

முதல் மாதங்களில் அண்ணி அங்கே வாயில்லாப் பூச்சி ஆனாள். காய்கறிக் கடையில் அக்கா பேசினாள். பஸ்ஸில் நடத்துநரிடம் அக்கா பேசினாள். காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் அண்ணியின் தொண்டை வலியை அக்கா விவரித்தாள். "நானும் கொஞ்சம் கத்துக்கறேன் அக்கா" என்று அண்ணி சொன்னால், "இருக்கற வேலை போதாதா உனக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்பாள். நாக்கில் தேன் ஒழுகும். காய்ச்சல் நாட்களில் அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்ததும், நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு விடுப்பு எடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் பொய்யில்லை. அதை நானே போனில் பார்த்தேன். அவள் கெட்டவள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். அந்தக் கஞ்சி குறுக்கே வந்து நிற்கிறது.

வகுப்பில் அண்ணி ராணி. அதே காதில் கை வைக்கிற நடிப்பு. அந்த ஊர் மொழியில் எதைக் கேட்டாலும் டீச்சருக்குக் காது கேட்காது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூச்சல் போட்டன, பாடின, ஒருவரையொருவர் கடைக்காரராகவும் டிரைவராகவும் ஆக்கிக்கொண்டு சண்டை போட்டன. வராண்டாவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள் என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள்.

முதல் டெர்ம் முடிந்தது. ஒவ்வொரு டெர்ம் முடிவிலும் தாளாளர் டீச்சர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம். கண்ணாடி போட்ட மேஜை, கோப்பைகள் அடுக்கிய அலமாரி, உறை போட்ட நாற்காலிகள். நடுவில் அக்கா. அண்ணி தமிழில் கேட்டாள்: "என் பொண்ணைக் கூட்டிட்டு வரலாமான்னு கேளுங்க அக்கா." அக்கா அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார், கையை விரித்தார், நெஞ்சில் கை வைத்தார், நீளமாகப் பேசினார். அக்கா திரும்பி, "அடுத்த டெர்ம் பார்க்கலாங்கறார்" என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அது ஸ்கூல் விஷயம்மா. கட்டடம், பஸ், அது இது. அப்புறம் உன் கிளாஸ்ல சத்தம் ஜாஸ்தியாம். பெத்தவங்க குறை சொல்றாங்களாம். அதைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

அண்ணி எழுந்தபோது தாளாளர் அவளைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்து, "நோ ப்ராப்ளம்" என்றார். வெளியே வந்ததும் அண்ணி குழம்பிப் போய், "முடியாதுன்னுட்டு ஏன் அக்கா நோ ப்ராப்ளம்ங்கறார்?" என்று கேட்டிருக்கிறாள். "பெரிய மனுஷங்க மறுக்கறதை அப்படித்தான் நாசூக்கா மறுப்பாங்க" என்றாளாம் அக்கா. இந்தப் பதிலை அண்ணி எங்களிடம் சொன்னபோது நாங்களும் தலையாட்டினோம். நாங்கள் எங்கே அவ்வளவு பெரிய மனுஷர்களைப் பார்த்திருக்கிறோம்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளாளருக்கு நல்ல அர்ச்சனை. அண்ணன் திட்டினான், நான் திட்டினேன். சுண்டு சுவரில் ஒரு மீசையை வரைந்து, அதற்கு இரண்டு கொம்பும் வைத்து, அதன் மேல் செருப்பைக் காட்டினாள். "மீசை எப்ப சரின்னு சொல்லும்?" என்பது தினசரிக் கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் போனில் அம்மாவிடம் பேசி முடித்ததும், "பெரியம்மாகிட்ட குடு" என்பாள். அக்கா வாங்கி, "கண்ணு, பெரியம்மா அந்த மீசைகிட்ட உனக்காகச் சண்டை போட்டுட்டு இருக்கேன்" என்பாள். குழந்தை உருகிப் போகும். நானும் உருகினேன்.

அண்ணி வகுப்பின் சத்தத்தைக் குறைத்தாள். பாட்டை நிறுத்தினாள். கடைக்காரர் விளையாட்டை நிறுத்தினாள். பிள்ளைகள் வாய் மேல் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படம் பார்த்தன. "டீச்சர் வேலையே போரடிக்குது" என்றாள் என்னிடம். ஆனாலும் செய்தாள். அமைதியாக இருந்தால் சுண்டு வருவாள் என்றால், அண்ணி அந்தப் பள்ளிக்கூடத்தையே ஊமையாக்கியிருப்பாள்.

இரண்டாவது டெர்ம் முடிவிலும் அதே அறை, அதே நாற்காலி, அதே நெஞ்சில் கை. "வருஷக் கடைசில பார்க்கலாங்கறார்." "நோ ப்ராப்ளம்."

நம்பிக்கை மட்டும் குறையவில்லை. ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்தச் சின்ன அறையைக் காலி செய்தாள். சார்ட்டுகளைச் சுருட்டிக் கட்டினாள், தரையைத் தேய்த்தாள், அலமாரித் தட்டுக்கு நீலக் கலர் அடித்தாள். மஞ்சள் பறவைகள் போட்ட திரைச்சீலை ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, போனைச் சுழற்றிச் சுழற்றிச் சுண்டுவுக்குக் காட்டினாள். "அந்தப் பறவை பக்கத்துலதான் நான் தூங்குவேன்" என்று சுண்டு எந்தப் பறவை என்பதைக்கூடக் குறித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அக்காவின் தங்கை மகள் வந்து சேர்ந்தாள். சுண்டு வயதுதான். "என் தங்கச்சிக்கு உடம்புக்கு முடியல. கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்றாள் அக்கா. விமான நிலையத்துக்கு அண்ணியும் கூடப் போனாள். மலங்க மலங்க விழித்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்த்ததும் அண்ணிக்குத் தாங்கவில்லை. சின்ன அறை காலியாகத்தானே இருக்கிறது, அதில் படுக்கட்டும் என்று அவளே சொன்னாள். காலையில் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள். பள்ளியில் சேர்க்க ஒரு தேர்வு உண்டு என்று அக்கா சொன்னதும், சாயங்காலங்களில் உட்கார்த்தி வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். பெயர் சொல்ல, வணக்கம் சொல்ல, படத்தைப் பார்த்துக் கதை சொல்ல. சுண்டுவுக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்து வைத்திருந்ததையெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை தேர்வில் தேறியது. "ரொம்ப வருஷமா இருக்கேன்ல, அதுக்காக சார் தனியா ஒரு இடம் குடுத்தார்" என்றாள் அக்கா. அண்ணி எனக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டாள். அந்தப் பெண் முதல் நாள் பள்ளிக்குப் போக அண்ணிதான் பை வாங்கிக் கொடுத்தாள்.

"சரி, நம்ம சுண்டு?" என்றேன்.

"வருஷ நடுவுலகூடச் சேர்த்துக்குவாங்களாம். இந்த மீட்டிங்ல முடிச்சுத் தர்றேன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

இதற்குள் அண்ணிக்கு இன்னொன்று நடந்துவிட்டிருந்தது. அது அவளுக்கே ஒரு நாள் காலையில்தான் தெரிந்தது. வகுப்பில் டீச்சருக்குக் காது கேட்காது என்று நம்பிய பிள்ளைகள் அவள் எதிரிலேயே எல்லா ரகசியமும் பேசின. யார் வீட்டில் சண்டை, யார் டப்பாவை யார் தின்றது, எல்லாம். அன்று முன் வரிசைப் பெண்கள் இருவர், டீச்சர் திரும்பியதும் டஸ்டரை எடுத்து ஜன்னலுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒன்றும் சொல்லாமல் டஸ்டரை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பேச்சு நேராக உள்ளே போய்விட்டிருந்தது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அக்கா வராத நேரமாகப் பார்த்துத் தனியாகக் கடைக்குப் போனாள். காய்கறிக்காரியிடம் தப்பும் தவறுமாகப் பேரம் பேசினாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திருத்தினாள், சிரித்துக்கொண்டே விலையையும் ஏற்றினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களின் சண்டையைக் கேட்டுக்கொண்டு போய், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். எல்லாம் அக்காவுக்குத் தெரியாமல். ஒளிக்க வேண்டும் என்றல்ல. மீட்டிங்கில் தாளாளரிடம் அவருடைய மொழியிலேயே சுண்டுவுக்காக இரண்டு வார்த்தை பேசி, அக்காவை அசத்த வேண்டும் என்று ஆசை. "அக்கா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க தெரியுமா?" என்றாள் என்னிடம். பேச வேண்டியதைக் காய்கறிக்காரியிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். 'என் மகள் நன்றாகப் படிப்பாள். நீங்கள் இடம் கொடுத்தால் நாங்கள் மறக்க மாட்டோம்.' கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

மீட்டிங் நாள் வந்தது. வருஷக் கடைசியில் நடக்க வேண்டியது தள்ளிப்போய், பள்ளி திறந்தே சில வாரங்கள் ஆகியிருந்தன. அண்ணி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். அன்று காலையும் அந்தப் பெண்ணுக்கு அவள்தான் தலை பின்னிவிட்டாள்.

தாளாளர் தன் மொழியில் அக்காவிடம்தான் ஆரம்பித்தார். அண்ணி தன் வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டீச்சரோட கிளாஸ் ஏன் இப்பல்லாம் இவ்வளவு அமைதியா இருக்கு? முன்னாடி என் ரூம் வரைக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடிச்சிருந்தது."

முதலில் தனக்குத்தான் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தாளாம் அண்ணி. பாருங்கள், அப்போதும் குறை தன் மேல்தான்.

அக்கா சொன்னாள்: "அவங்களுக்கு மனசு சரியில்லை சார். ஊர் ஞாபகம். ரொம்ப நாள் இருப்பாங்களான்னே தெரியலை."

"குழந்தை கூட இருந்தா சரியாயிருக்குமே. கூட்டிட்டு வரச் சொல்லி ரெண்டு தடவையும் நானே சொன்னேன். ஏன் வேண்டாம்னுட்டாங்க?"

"குழந்தை அங்க அத்தைகிட்டயே ஒட்டிக்கிச்சு, வராதுன்னு அவங்கதானே சொன்னாங்க. அதனாலதானே அந்த இடத்தை என் தங்கச்சி பொண்ணுக்குக் குடுத்தீங்க."

அத்தை என்றால் நான்தான். என்னையும் உள்ளே இழுத்துவிட்டிருக்கிறாள், மகராசி. இங்கே அந்தக் குழந்தை தினம் ராத்திரி அம்மா தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியது எனக்குத் தெரியும்.

அக்கா அண்ணி பக்கம் திரும்பினாள். அதே கனிவான முகம். "கிளாஸ் இப்ப அமைதியா இருக்குன்னு சாருக்கு சந்தோஷம்மா. குழந்தை விஷயம்தான், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றார்."

தாளாளர் வழக்கம்போல அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "நோ ப்ராப்ளம்."

அந்த நோ ப்ராப்ளத்துக்கு அர்த்தம் நோ ப்ராப்ளம்தான். முதல் டெர்மிலிருந்தே அந்த மனுஷர் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சுவரில் கொம்பு வைத்து, செருப்பு காட்டி, நாங்கள் அர்ச்சனை செய்ததெல்லாம் அவருக்கு.

காய்கறிக்காரியிடம் பழகிய வாக்கியம் எங்கோ போய்விட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் மொழியில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை பேசுவதுபோல் அண்ணி பேசினாள். "நான் அப்படிச் சொல்லலை. என் பொண்ணு வேணும். எப்பவும் கேட்டேன். இவங்க உங்ககிட்ட சொல்லலை."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் அண்ணிக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். இருந்தது ஒரே இடம். அது போய்விட்டது. அடுத்த வருஷம் உங்கள் பெண் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிவிடுவாள். அதற்கு மேல் என்னால் எடுக்க முடியாது. உள்ளே வந்துவிட்ட குழந்தையை வெளியே அனுப்பச் சொல்கிறீர்களா?

அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினாள். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேனா, தெரியாது. ஆனால் அந்தக் குழந்தைக்குக் காலையில் தலை பின்னிவிட்டவள் நான் இல்லையே.

வராண்டாவில் அக்கா பின்னாலேயே வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று அண்ணி நின்றிருக்கிறாள். அக்கா கேட்டது இது: "நீ எப்ப பேசக் கத்துக்கிட்டே?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"உனக்குப் புருஷன் இருக்கான். பார்த்துக்க நாத்தனார் இருக்கா. என் தங்கச்சிக்கு யாரு இருக்கா? புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், படுத்த படுக்கையா கிடக்கா. அந்தப் பொண்ணை நான் எங்க கொண்டு போய் விடறது?"

"இதை என்கிட்டயே கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள் அண்ணி.

எனக்கு ஆத்திரமே இங்கேதான். அக்கா கேட்டிருந்தால் அண்ணி கொடுத்திருப்பாள். கட்டைவிரல் கடைக்காரருக்கே பாவம் பார்க்கிறவள், படுக்கையில் கிடக்கிற ஒருத்தியின் குழந்தைக்கு விட்டுக்கொடுக்க மாட்டாளா? ரெண்டு நாள் அழுதிருப்பாள், கொடுத்திருப்பாள். நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். கேட்டு வாங்கியிருக்கக்கூடியதைத் திருடிக்கொண்டு, அதற்கு அவள் கையாலேயே பாடம் சொல்ல வைத்து, பை வாங்க வைத்து, தலை பின்ன வைத்தாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நம்ப வைக்க எத்தனை கஞ்சி வைத்திருக்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் ராத்திரி போன் வந்தது. அண்ணியின் முகம் வீங்கியிருந்தது. பின்னால் குழாய் முனகிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி நடந்ததையெல்லாம் சொன்னாள். அண்ணன் பாதியிலேயே எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். சுண்டு தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, மீசை வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்லடி."

"அப்ப யாரு சொன்னது?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெரியம்மாகிட்ட குடு. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் கேக்கறேன்."

குழந்தைக்கு இன்னும் புரியவில்லை. நான் போனை வாங்கப் போனேன். அதற்குள் அந்தப் பக்கம் அண்ணி எழுந்துவிட்டாள். திரையில் கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது, திறந்திருந்த சின்ன அறைக் கதவு வழியாக மஞ்சள் பறவைகள் கொஞ்சம் தெரிந்தன. பிறகு அக்காவின் முகம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் போல, கை எச்சிலாக இருந்தது. போனை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

"உங்ககிட்டதான் கேக்கணுமாம். நீங்களே சொல்லுங்க" என்று அண்ணியின் குரல் மட்டும் கேட்டது.

"பெரியம்மா, நான் எப்ப வரணும்?" என்றாள் சுண்டு.

நான் அந்த முகத்தையே பார்த்தேன். நடுவில் யாரும் இல்லை. ஆறு வயதுக் குழந்தை, நேராக, தமிழில் கேட்கிறது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் உதடு இரண்டு முறை திறந்து மூடியது. அப்புறம் அந்தப் பழைய கனிவு முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"கண்ணு" என்று ஆரம்பித்தாள். "சார் என்ன சொல்றாருன்னா..."

திரை ஆடியது. போனை அண்ணி பிடுங்கிவிட்டாள். முகம் கண்ணீராக இருந்தது, ஆனால் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது.

"சுண்டு, இங்க பாரு. இனிமே யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். அம்மாவே சொல்றேன், கேட்டுக்கோ."